ரஷ்யக் கப்பலில் வந்த ரஷ்யர் அல்லாதவர்கள்

துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவன் என்று ஊரில் சொல்வார்கள். இரண்டு பாஷையிலும் திட்டு வாங்குகிறவன் என்று நான் சொல்வேன். தூத்துக்குடியில் கப்பல்களுக்குக் காய்கறி, இறைச்சி, முட்டை, குடிதண்ணீர், கயிறு, பெயிண்ட் என்று சகலமும் சப்ளை செய்கிற கடை ஒன்றில் எட்டு வருஷம் குப்பை கொட்டினேன். உத்தியோகத்தின் பெயர் வாட்டர் கிளார்க். நான் சொல்வது புதுத் துறைமுகம் திறப்பதற்கு முந்தைய காலம். பெரிய கப்பல்கள் கரைக்கு வராது. ஐந்தாறு மைல் தள்ளிக் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணிகள் ஏற்றி இறக்கும். நாங்கள் லாஞ்சில் போய், ஆடுகிற ஏணியைப் பிடித்து ஏறி, அடுத்த கடைக்காரன் வருவதற்குள் ஆர்டர் வாங்கிவிட வேண்டும்.

மற்ற வாட்டர் கிளார்க்குகளுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். எனக்கு ரஷ்ய மொழியும் தெரியும். மெட்ராஸில் வேலை பார்த்தபோது மாலை வகுப்பில் சேர்ந்து இரண்டு வருஷம் படித்தேன். அந்த வகுப்பில் ஒரு பெண்ணும் படித்தாள். அந்தக் கதை இங்கே வேண்டாம். பெண் போய்விட்டாள், பாஷை தங்கிவிட்டது. சோவியத் கப்பல் ஒன்று உரம் ஏற்றிக்கொண்டு வருஷத்துக்கு இரண்டு தடவையாவது எங்கள் ஊருக்கு வரும். அதற்காகவே முதலாளி அண்ணாச்சி என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

நீங்களும் பாங்கிலோ கோர்ட்டிலோ தாலுகா ஆபீஸிலோ இரண்டு பேருக்கு நடுவில் நின்று, ஒருவர் பேச்சை மற்றவருக்குச் சொல்லிப் பிழைத்தவர் என்றால் மேலே படியுங்கள். நாம் படும் பாடு மற்றவர்களுக்குத் தெரியாது. நாம் செய்கிற அநியாயமும் தெரியாது.

சமையல்காரர் கத்தியைக் கீழே வைத்தார்

முதல் தடவை அந்தக் கப்பலில் ஏறியபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனேன். தலைமைச் சமையல்காரர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அடர்த்தியான மீசை, நரைத்த நெஞ்சு முடி. மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன்: ரஷ்ய நண்பரே வணக்கம், ரஷ்ய மக்கள் மேல் எங்களுக்கு எவ்வளவு மரியாதை, ரஷ்யச் சமையல் எனக்கு எவ்வளவு பிடிக்கும். கடைசியாகச் சொன்னதைச் சாப்பிட்டதே இல்லை.

அவர் பேர் ஷல்வா. ஊர் ஜார்ஜியா. அது சோவியத்துக்குள் இருக்கிற ஒரு நாடு, அதற்குத் தனி மொழியும் தனி எழுத்தும் உண்டு என்பதெல்லாம் பிற்பாடு அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் படித்த பள்ளிக்கூட அட்லஸில் அந்தப் பக்கம் முழுக்க ஒரே நிறம். நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு கத்தியைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, எனக்கு இங்கிலீஷ் வருமா என்று கேட்டார். நன்றாகவே வரும் என்று பெருமையாகச் சொன்னேன்.

“அதற்காக உன்னை நான் இங்கிலீஷ்காரன் என்று கூப்பிட்டேனா?” என்றார்.

அண்ணாச்சியின் காது

கப்பல்காரர்கள் ஊருக்குள் மூன்று மூன்று பேராக வருவார்கள். கூடவே தொப்பி வைத்த ஓர் அதிகாரியும் வருவார். சரக்கோ இயந்திரமோ அவர் பொறுப்பில்லை. மாலுமிகளின் மனப்போக்கைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நல்ல மனிதர், குழந்தைகளைக் கண்டால் பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுப்பார். பேர் நிக்கலாய். ஊரில் அவருக்குத் தொப்பிக்காரர் என்றே பேர்.

அண்ணாச்சிக்கு ரஷ்ய மொழியில் ‘ஹராஷோ’ தவிர எதுவும் தெரியாது. நல்லது என்று அர்த்தம். அழுகிய தக்காளிக்கும் அதையே சொல்வார். கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி வருகிறவர் போகிறவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. ஒரு நாள் தொப்பிக்காரர் எதிர்க்கடையில் குடை விலை கேட்கப் போனார். எங்கள் கடைக்குள் இருந்த மாலுமிகள் இருவர் ஏதோ பேசிச் சிரித்தார்கள். எனக்கு ஒரு வார்த்தை கூட விளங்கவில்லை. நான் சரியாகப் படிக்கவில்லையோ என்று பயந்துபோனேன். தொப்பிக்காரர் திரும்பி வந்ததும் பேச்சு எனக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது, சிரிப்புதான் நின்றுவிட்டது.

அவர்கள் போன பிறகு அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். “ஏல சண்முகம், அந்த தொப்பிக்காரரு வந்ததும் இவனுக பேச்சே மாறுதே, கவனிச்சியா? நம்ம பள்ளிக்கூடத்துல இன்ஸ்பெக்டர் வந்தா வாத்தியாரு இங்கிலீஷ்ல பேசுவாரு பாரு, அது கணக்கால்லா இருக்கு.”

பாலம்

அடுத்த முறை கப்பல் வந்தபோது தொப்பிக்காரர் என்னைத் தம் அறைக்கு அழைத்துத் தேநீர் கொடுத்தார். எலுமிச்சைத் துண்டு மிதக்கும், பால் இல்லாத தேநீர். எங்கள் நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள், எல்லோரையும் இணைக்கிற பாலம் ரஷ்ய மொழி என்று சொன்னார். அது இல்லாவிட்டால் இந்தக் கப்பலில் சமையல்காரரிடம் பசி என்று சொல்லக்கூட மாலுமிக்கு வழியில்லை என்றார். உண்மைதான். நானும் தலையாட்டினேன். நீங்கள் இங்கிலீஷை வைத்துக்கொண்டிருக்கிறீர்களே, அது மட்டும் என்ன என்று கேட்டார். நான் எலுமிச்சைத் துண்டை எடுத்துச் சப்பினேன்.

திரும்பும் வழியில் சமையலறையில் ஷல்வாவிடம் இதைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. தம் பேரன் இப்போது ரஷ்யப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான், அதில் படித்தால்தான் பெரிய வேலை கிடைக்கும் என்று மருமகள் சேர்த்துவிட்டாள் என்றார். லீவுக்குப் போகும்போது தாத்தா பேசுவதைக் கேட்டுப் பையன் சிரிக்கிறானாம். வீட்டில் இருக்கிற பெரியவர்கள் மொழி அவனுக்கு வேடிக்கையாகிவிட்டது. அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“ரஷ்ய மொழி நல்ல மொழிதான், தம்பி. விருந்தாளியாக வந்திருந்தால் என் கட்டிலையே விட்டுக்கொடுத்திருப்பேன்” என்றார்.

ஐந்து நிமிஷம்

மூன்றாவது முறை கப்பல் வந்தபோது புது மாலுமி ஒருவன் இருந்தான். அந்தானாஸ் என்று பேர். லிதுவேனியாக்காரன். இருபத்திரண்டு வயதிருக்கும், வெயிலில் மூக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. கடையில் மற்றவர்கள் சோப்பும் சீப்பும் பார்த்துக்கொண்டிருந்தபோது மாதா கோவில் மணி அடித்தது. அவன் மெல்ல என் பக்கத்தில் வந்து, அந்தக் கோவில் திறந்திருக்குமா என்று ரஷ்ய மொழியில் கேட்டான். திறந்துதான் இருக்கும் என்றேன். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாமா என்றான். இதென்ன கேள்வி என்று நினைத்தேன். தொப்பிக்காரர் பக்கம் அவன் கண் போனதும் விஷயம் புரிந்தது.

அண்ணாச்சிக்குப் பாஷை தெரியாதே ஒழிய கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. தொப்பிக்காரரை உட்கார வைத்து, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, கடையில் இருந்த சங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊதிக் காட்ட ஆரம்பித்தார். அண்ணாச்சிக்குச் சங்கு ஊதத் தெரியாது. முகம் சிவந்ததுதான் மிச்சம். அந்த நேரத்தில் நான் அந்தானாஸைப் பின்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

கோவிலில் கூட்டம் இல்லை. மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்த இரண்டு பெண்கள் முன்னால் இருந்தார்கள். அவன் அவர்களுக்குப் பின்னால் முழங்கால் போட்டு, உதடு அசைய ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அது ரஷ்ய மொழி இல்லை. வெளியே வரும்போது, ரஷ்ய மொழியில் ஜெபம் செய்ய மாட்டாயா என்று கேட்டுவைத்தேன். புத்திசாலித்தனமான கேள்வி என்று அப்போது நினைப்பு.

“அந்த மொழியில் நான் பரீட்சை எழுதியிருக்கிறேன். என் அம்மாவுக்கு அது தெரியாது. ஜெபம் சொல்லிக்கொடுத்தது அம்மா” என்றான்.

நாலு அந்தோணி

நான்கு நாள் கழித்து அவனை லாஞ்சில் படுக்க வைத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். வயிற்று வலி. தானாகச் சரியாகிவிடும் என்று மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் வேலை செய்திருக்கிறான். குடல்வால் வெடித்து உள்ளே சீழ் பரவிவிட்டது. ஊர் ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் செய்தார்கள். டாக்டர் தம்மால் ஆனதையெல்லாம் செய்தார். கப்பலின் ஏஜென்டு எங்கள் கடைக்கு ஆள் அனுப்பி, பகல் முழுக்க அவன் பக்கத்தில் இருந்து பாஷை பார்த்துக்கொள்ளும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்.

அந்த வார்டில் பிலோமினா என்ற நர்ஸ் இருந்தாள். கடற்கரைத் தெருக்காரி. அவள் அப்பா கொழும்புத் தோணியில் தண்டல், மாலுமிகளுக்குத் தலைவர். முதல் இரண்டு நாள் என் வேலை ஒழுங்காக நடந்தது. எங்கே வலிக்கிறது, தண்ணீர் வேண்டுமா, கால் மரத்துப்போகிறதா. டாக்டர் தமிழில் கேட்பார், நான் ரஷ்ய மொழியில் கேட்பேன், அவன் சொல்லுவான், நான் தமிழில் சொல்லுவேன். பிலோமினாவுக்கு இந்தச் சுற்றுவழி எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவள் பாட்டுக்குத் தமிழில் அவனோடு பேசிக்கொண்டே துடைப்பாள், திருப்பிப் படுக்க வைப்பாள். அவன் தன் மொழியில் ஏதோ சொல்லுவான். அவள் அதற்குத் தமிழில் பதில் சொல்லுவாள்.

அவனை அந்தோணி என்றுதான் கூப்பிட்டாள். அவன் பேர் அந்தானாஸ் என்று நான் திருத்தினேன். திருத்துவது என் சுபாவம்.

“அந்தானாஸ் என்ன, அந்தோணி என்ன. எங்க தெருவுல கல்லெறிஞ்சா நாலு அந்தோணி மேல படும்ணே. இவன் அஞ்சாவது” என்றாள்.

கப்பல் புறப்பட்டது

சரக்கு இறக்கி முடிந்துவிட்டது. அடுத்த துறைமுகத்தில் தேதி குறித்திருந்ததால் கப்பல் நிற்க முடியாது. அவனை விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. ஷல்வா ஒரு தூக்குச் சட்டியில் கோழிச்சாறு கொண்டுவந்தார். அவன் இரண்டு வாய்தான் குடித்தான். வராந்தாவில் என்னைத் தனியே கூப்பிட்டு, இவன் வீட்டுக்குக் கடிதம் எழுத நேர்ந்தால், கோவிலுக்குப் போனதை எழுதிவிடாதே, கடிதத்தை வீட்டார் மட்டும் படிப்பதில்லை என்றார். கோவிலுக்குப் போன கதையைப் பையன் அவரிடம் சொல்லியிருக்கிறான்.

தொப்பிக்காரரும் வந்தார். ஜாம் புட்டி ஒன்றும் இரண்டு ரஷ்யப் புத்தகங்களும் கட்டிலருகே வைத்தார். அரைமணி நேரம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் நடித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. என் தோளில் கை வைத்து ஒன்று சொன்னார். அதில் இருந்த கோளாறு எனக்கு அப்போது தெரியவில்லை. அவருக்கு என்றைக்காவது தெரிந்திருக்குமா என்றும் தெரியாது.

“தினமும் இவனோடு ரஷ்ய மொழியில் பேசுங்கள். தூரதேசத்தில் தாய்மொழியைக் கேட்டால் மனசுக்குத் தெம்பாக இருக்கும்” என்றார்.

ரஷ்ய மொழியில் சொல்லு

கப்பல் போன மறுநாள் காய்ச்சல் ஏறியது. காலையில் கொஞ்சம் ரஷ்ய மொழி பேசினான். பத்து மணிக்கு மேல் ஒவ்வொரு வார்த்தையாக அது அவனை விட்டுப் போக ஆரம்பித்தது. நான் கேட்பதற்கு அவன் பதில் சொன்னான். ஆனால் வந்தது அவன் மொழி. அதுவரை அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கண் பாதி மூடியிருக்க, யாரோ எதிரில் இருக்கிற மாதிரி, நடுவில் லேசாகச் சிரித்துக்கொண்டு, விடாமல் பேசினான். பிலோமினா நெற்றியில் ஈரத்துணி போட்டபடி “ஆமாய்யா”, “சரிய்யா”, “அதுக்கென்ன ராசா” என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்னை உட்கார வைத்ததே அவன் சொல்வதைச் சொல்லத்தான். வலி கூடியிருக்கிறதா என்று டாக்டர் கேட்டால் என்ன சொல்வது? வீட்டுக்கு ஏதாவது சொல்லியனுப்புகிறான் என்றால் யார் எழுதிக்கொள்வது? அவன் காதருகே குனிந்து, “ரஷ்ய மொழியில் சொல்லு” என்றேன். அவன் பேச்சு நிற்கவில்லை. மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவை கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. வகுப்பில் எழுப்பி நிறுத்தப்பட்ட பையன் மாதிரி உடம்பை நேராக்கப் பார்த்தான். பிறகு சுத்தமான ரஷ்ய மொழியில், “நன்றாக இருக்கிறேன். நன்றி” என்றான்.

அதற்குப் பிறகு அவன் எந்த மொழியிலும் பேசவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு உயிர் போய்விட்டது. பிலோமினா அவன் கண்ணை மூடி, தலையைச் சரியாக வைத்து, தன் கழுத்து ஜெபமாலையை எடுத்து அவன் கையில் சுற்றினாள். எல்லாம் முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

“ஏண்ணே அவனெ மறிச்சிய? பேசட்டும்னு விட்டிருக்கலாம்லா. வெளங்கலன்னாலும் நான் கேட்டுக்கிட்டுதான இருந்தேன்.”

கல்லறையில்

அங்கேயே அடக்கம் செய்துவிடும்படி கப்பல் கம்பெனியிலிருந்து ஏஜென்டுக்குத் தந்தி வந்தது. பையன் கிறிஸ்துவ வேதக்காரன்தான் என்று பிலோமினா போய்ச் சாமியாரிடம் சொல்லி, கல்லறைத் தோட்டத்தில் இடம் வாங்கினாள். அண்ணாச்சி கடையைச் சாத்திவிட்டு வந்தார். கடற்கரைத் தெருவிலிருந்து, அவனை ஒரு தடவைகூடப் பார்த்திராத பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். கடலில் போகிறவர்கள் குடும்பத்துக்கு யாருடைய பிள்ளை என்று விசாரிக்க வேண்டியதில்லை.

தமிழில் ஜெபம் சொல்லி முடித்ததும் சாமியார் என்னைப் பார்த்தார். இவர் தம் பாஷையில் இரண்டு வார்த்தை கேட்காமல் மண்ணுக்குள் போவது சங்கடமாக இருக்கிறது, நீங்கள் சொல்லுங்கள் என்றார். எனக்கு ரஷ்ய மொழியில் நல்ல வாக்கியங்கள் தெரியும். மாலை வகுப்பில் அதற்குத்தான் எனக்குப் பரிசு கொடுத்தார்கள். அப்போது ஏனோ என் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தேன். அறுபத்தைந்தில் பாளையங்கோட்டையில் காலேஜில் படித்தபோது இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் போனேன். போலீஸ் தடி பட்டு அந்த இடத்தில் எலும்பு பிசகியது. எங்கள் வாயில் இன்னொரு மொழியைத் திணிக்காதே என்று தொண்டை கிழியக் கத்தினவன் நான். அந்த நானேதான் சாகக் கிடந்த ஒருவனை மூன்று தடவை மறித்திருக்கிறேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

எனக்குத் தெரிந்தது அவன் பாஷை இல்லை என்று சாமியாரிடம் சொன்னேன். ரஷ்யக் கப்பலில் வந்தவருக்கு ரஷ்ய மொழி தன் மொழி இல்லையா என்று அவர் குழம்பினார். பின்னால் நின்ற அண்ணாச்சிதான் பதில் சொன்னார்.

“சாமி, நம்ம தாத்தாக்கமாரு வெள்ளக்காரன் கப்பல்ல போகலையா? அதுனால அவுக வெள்ளக்காரன் ஆயிட்டாகளா?”

தாயின் கேள்வி

அவன் பெட்டியில் இருந்த உறையிலிருந்து விலாசத்தைப் பார்த்து அவன் அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். ரஷ்ய மொழியில்தான், வேறு எதில் எழுத? ஆபரேஷனைப் பற்றியும், டாக்டரைப் பற்றியும், ஊரார் வந்து அடக்கம் செய்ததைப் பற்றியும் எழுதினேன். ஷல்வா சொன்னபடி கோவிலுக்குப் போனதை விட்டுவிட்டேன். கடைசியாக அவன் எல்லோருக்கும் நன்றி சொன்னான் என்று முடித்தேன். பொய் இல்லை. உறையை ஒட்டி அன்றைக்கே தபாலில் போட்டேன்.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. அவன் தங்கை எழுதியிருந்தாள். பள்ளிக்கூட ரஷ்ய மொழி, ஒரு பிழை இல்லை, எழுத்தெல்லாம் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. அம்மாவுக்கு ரஷ்ய மொழி தெரியாது, உங்கள் கடிதத்தை எங்கள் மொழியில் மாற்றி நான்தான் படித்துக் காட்டினேன், நான்கு தடவை படிக்கச் சொன்னாள், உங்களுக்கு அவள் ஆசீர்வாதம் என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே ஒரே ஒரு கேள்வி.

“அவன் நன்றி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த மொழியில் சொன்னான் என்று அம்மா கேட்கிறாள்.”

ஒரு பெண் கேட்டுக்கொண்டிருந்தாள்

பத்து நாள் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். உண்மையை எழுதினால், மகன் கடைசியில் அந்நியர்களுக்கு நடுவில் அந்நிய மொழியில் மரியாதையாகப் பேசிவிட்டுப் போனான் என்று அந்தத் தாய்க்குத் தெரியும். அவளுக்குத் தெரிய வேண்டியது அதுதான். அது தெரியக் கூடாது என்பதுதான் என் கவலை. உங்கள் மொழியில்தான் சொன்னான் என்று ஒரு வரி எழுதிவிட்டால் தீர்ந்தது. அப்படி எழுதியும் பார்த்தேன். கிழித்துப் போட்டேன். அவளிடம் ஏற்கெனவே ஒன்றைப் பிடுங்கியாயிற்று. அந்த இடத்தில் பொய்யை வைக்க மனம் வரவில்லை.

கடைசியில் பிலோமினாவிடம் போனேன். அவள் வேலை முடிந்து குடையை விரித்துக்கொண்டு வெளியே வந்தாள். கேட்டிலேயே நிறுத்திக் கடிதத்தைத் தமிழில் சொன்னேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்றேன். அவன் அன்றைக்கு என்ன பேசினான் என்று உனக்கு ஏதாவது புரிந்ததா என்றும் கேட்டேன். பைத்தியக்காரக் கேள்விதான். ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்றாள். ஆனால் அன்றைக்கு அவன் யாரோ வேண்டியவர்களிடம் பேசினான், அது முகத்தில் தெரிந்தது, பயமில்லாமல் பேசினான் என்றாள்.

“பொய் எதுக்குண்ணே. நடந்ததத்தான் எழுதுங்களேன். அவன் காலம்பற பூரா அவன் பாஷையில பேசுனான், ஒரு பொம்பள பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டிருந்தா, ஆமாய்யான்னு அவ சொன்னான்னு எழுதுங்க. நன்றியெல்லாம் அந்த அம்மாவுக்கு எதுக்கு?”

மூன்றாவது கடிதம்

அப்படியே எழுதினேன். நன்றி சொன்னது ரஷ்ய மொழியில், நான் கேட்டதால் சொன்னான் என்பதையும் எழுதினேன். உங்கள் மகனைப் பாதியில் நிறுத்தியவன் நான், என்னை மன்னிக்கும்படி அம்மாவிடம் சொல் என்று அந்தப் பெண்ணைக் கேட்டுக்கொண்டேன். தபாலில் போட்டபின் இனி பதில் வராது என்று நினைத்தேன். வராமல் இருந்தாலும் நியாயம்தான் என்று தோன்றியது.

அடுத்த கோடையில் ஆஸ்பத்திரி விலாசத்துக்கு ஒரு பொட்டலம் வந்தது. மேலே இங்கிலீஷில், அந்தோணியின் நர்ஸுக்கு என்று எழுதியிருந்தது. அந்தோணி என்ற பேர் என் கடிதத்திலிருந்து போயிருக்க வேண்டும். உள்ளே ஓரத்தில் சிவப்பு நூல் வேலை செய்த வெள்ளைத் துண்டு ஒன்று. அதற்குள் ஒரு காகிதம். தங்கை எழுத்து இல்லை; பெரிய பெரிய எழுத்தாக, கோணல்மாணலாக எழுதிய நாலு வரி. ரஷ்ய மொழி இல்லை. தாயே தன் மொழியில் எழுதியிருந்தாள். எனக்குத் தனியாக எதுவும் இல்லை.

பிலோமினா அதைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். எனக்குப் பழைய புத்தி போகவில்லை. அடுத்த தடவை கப்பல் வரும்போது லிதுவேனியாக்காரன் யாராவது இருந்தால் கேட்டுச் சொல்கிறேன், அவன் ரஷ்ய மொழியில் சொன்னால் நான் தமிழில் மாற்றித் தருகிறேன் என்று கையை நீட்டினேன். அவள் காகிதத்தை நாலாக மடித்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

“வேண்டாம்ணே. அந்த அம்மா எங்கிட்டதான பேசுதாக. நான் கேட்டுக்கிடுதேன்” என்றாள்.

எட்டு வருஷத்தில் நான் பார்த்த பேச்சுகளில் பிழையில்லாமல் போய்ச் சேர்ந்தது அந்த அம்மாவின் நாலு வரி ஒன்றுதான். அன்றைக்கு என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டார்கள்.